ஃபைபர் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு: முதலில் எந்த அலைநீளம் என்று கேளுங்கள்

சேலத்தில் ஃபைபர் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு முதல் வாரத்திலேயே ட்ராப் கேபிள் (வீட்டுக்குள் போகும் கடைசிக் கேபிள்) இழுக்கவும், தோல் உரிக்கவும், க்ளீவரில் வெட்டவும், மெஷினில் வைத்து ஸ்பிளைஸ் அடிக்கவும் (இரண்டு இழைகளை உருக்கி ஒட்டவும்) சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பவர் மீட்டரைக் கையில் கொடுத்து, "மைனஸ் 25-க்குக் கீழே போகாமப் பாத்துக்க" என்கிறோம். அந்த மீட்டரின் பட்டனை அழுத்த அழுத்த 850, 1310, 1490, 1550, 1625 என்று ஒரு எண் மாறுகிறதே, அது எதற்கு என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நானும் அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் வேலையில் இறங்கினேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் ஒரு வீடு. புது இணைப்பு கொடுத்து முடித்து மீட்டரைச் செருகினேன். மைனஸ் 20 காட்டியது. நல்ல அளவு. கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்தில் டீ சொல்லியிருந்தேன், போன் வந்துவிட்டது. "தம்பி, சிவப்பு விளக்கு எரியுதுங்க, நெட் நிக்கவே மாட்டேங்குது." திரும்ப ஏறினேன். கூட வந்த அண்ணன் மீட்டரை வாங்கிப் பார்த்தார். 850-ல் நின்றிருந்தது. 1490-க்கு மாற்றினார். மைனஸ் 27. அதே கனெக்டர், அதே ஒளி, 7 டிபி வித்தியாசம். (டிபி என்பது ஒளி எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்று சொல்லும் கணக்கு.)

மீட்டருக்குள் இருக்கும் உணர்வி எல்லா ஒளியையும் ஒரே மாதிரி உணர்வதில்லை. 850-ல் அதற்கு உணர்திறன் குறைவு. அதனால் மீட்டரை 850-ல் வைத்தால், 'இவ்வளவு மந்தமான இடத்திலேயே இத்தனை மின்னோட்டம் வருகிறதே, ஒளி நிறைய இருக்கிறது' என்று அது கணக்கைக் கூட்டிக் காட்டிவிடும். அன்றிலிருந்து எந்த இழையைத் தொட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இதில் ஓடுவது எந்த அலைநீளம்? இந்த வேலையில் பாதிக் குழப்பம் அந்தக் கேள்வியிலேயே தெளிந்துவிடும்.

முதல் படி: எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

1310, 1550 எல்லாம் ஒளியின் அலைநீளம், நானோமீட்டர் கணக்கு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400-ல் ஊதாவாகத் தொடங்கி 700-ல் சிவப்பாக முடிகிறது. தகவல் தொடர்புக்கு ஓடுவது அதற்கு மேலே இருக்கும் அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது. இழை எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க நாம் அடிக்கும் சிவப்பு டார்ச் மட்டும்தான் 650 பக்கம், அதனால்தான் அது தெரிகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கனெக்டர் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து 'லைட் வருதா' என்று பார்க்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். டிவி சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து 20 டிபிஎம் வரை வெளியே வரும். (ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து எண்ணும் டிபிதான் டிபிஎம்; மீட்டர் காட்டும் மைனஸ் எண்களும் இதே கணக்குதான்.) 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். எதுவும் தெரியாமலேயே கண் பாழாகும். செல்போன் கேமராவில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள். 850-ஐக் கேமரா ஓரளவு காட்டலாம், 1310-ஐயும் 1550-ஐயும் காட்டாது. கேமராவில் இருப்பது சிலிக்கான். ஏறக்குறைய 1100-க்கு மேல் அதற்கே கண் தெரியாது. கேமராவில் இருட்டாக இருந்தது என்று நம்பி ஓடும் இழையைக் கண் பக்கம் கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: பேண்டுகளின் வரைபடம்

ஒற்றை முறை இழையில், அதாவது நாம் தினமும் கையாளும், ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான் உள்ள இழையில், 1260 முதல் 1675 வரையான இடத்தை ஆறு பேண்டுகளாக (அலைநீளப் பட்டைகளாக) பிரித்திருக்கிறார்கள். 1260 முதல் 1360 வரை ஓ பேண்ட். 1360 முதல் 1460 வரை ஈ. 1460 முதல் 1530 வரை எஸ். 1530 முதல் 1565 வரை சி. 1565 முதல் 1625 வரை எல். 1625 முதல் 1675 வரை யூ. உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு அட்டையில் எழுதி மெஷின் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள், ஒரு மாதத்தில் தானாக மனதில் நிற்கும்.

850 இந்த ஆறிலும் இல்லை. அது நடுப்பகுதி இன்னும் அகலமான பல்முறை இழைக்கு உரியது. ஒரே கட்டடத்துக்குள், சர்வர் அறைகளில், சில நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும் வேலை.

சரி, ஏன் இந்த இடங்கள்? ஏன் 1310, ஏன் 1550? இதற்குப் பதில் சேலத்துக்காரர்களின் கண் முன்னாலேயே இருக்கிறது. மாலையில் அஸ்தம்பட்டியில் நின்று பார்த்தால் சேர்வராயன் மலை நீலமாகத் தெரியும். ஏறிப்போனால் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் மரமுமாகப் பச்சையாக இருக்கிறது. நீலம் எங்கிருந்து வந்தது? நடுவில் இருக்கும் காற்று, அலைநீளம் குறைந்த நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது, அந்தச் சிதறல்தான் நமக்கும் மலைக்கும் நடுவே நீலத் திரையாக நிற்கிறது. கண்ணாடி இழைக்குள்ளும் இதே ராலே சிதறல்தான் நடக்கிறது. அலைநீளம் கூடக் கூட அது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக் கணக்கில் குறையும். 850-ல் ஆகும் சிதறல் 1550-ல் ஆவதைப்போல 11 மடங்கு. 1310-ல் ஆவது 1550-ல் ஆவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதை நம் ஊர்த் தூரத்தில் வைத்துப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சாலை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். 850-ல் கிலோமீட்டருக்கு 2.5 டிபி போனால் மேலே போய்ச் சேர்வதற்குள் 75 டிபி காலி. ஒன்றும் மிஞ்சாது. 1310-ல் கிலோமீட்டருக்கு 0.35 என்று வைத்தால் 10.5 டிபி, பதினொன்றில் ஒரு பங்கு ஒளி போய்ச் சேரும். 1550-ல் கிலோமீட்டருக்கு 0.2 என்றால் 6 டிபிதான். கீழே விட்டதில் கால் பங்கு மலை மேல் கிடைக்கும். 1966-ல் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் கிலோமீட்டருக்கு 20 டிபி லாஸ் உள்ள கண்ணாடி கிடைத்தாலே தொலைத்தொடர்புக்குப் போதும் என்று எழுதினார்கள். 1970-ல் கார்னிங் நிறுவனத்தில் 17 டிபி வரை இறக்கிக் காட்டினார்கள். அங்கிருந்து 0.2-க்கு வந்திருக்கிறோம். ஒரு ஸ்பிளைஸில் 0.1 வந்தால் முகம் சுளித்துத் திரும்ப அடிக்கிறோமே, அந்த 0.1 அரை கிலோமீட்டர் கண்ணாடிக்குச் சமம்.

அப்படியானால் அலைநீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன? முடியாது. 1600-ஐத் தாண்டினால் கண்ணாடியே அகச்சிவப்பை உறிஞ்சத் தொடங்கிவிடும். சிதறல் குறைந்து, உறிஞ்சல் இன்னும் தொடங்காத பள்ளம் 1550 பக்கம் இருக்கிறது. அதனால்தான் சி பேண்டுக்கு இவ்வளவு மரியாதை. 1987-ல் எர்பியம் கலந்த இழையால் இந்தப் பேண்டின் ஒளியை ஒளியாகவே பெருக்க முடியும் என்று காட்டிய பிறகு, நீண்ட தூர வழித்தடங்கள் எல்லாம் இங்கே வந்துவிட்டன. எல் பேண்டையும் எர்பியம் பெருக்கும். டிடபிள்யூடிஎம் என்று கேள்விப்படுவீர்கள்: சி பேண்டுக்குள் 0.8 நானோமீட்டர் இடைவெளியில் பல ஒளிகளை அடுக்கி ஒரே இழையில் அனுப்புவது. வீட்டு இணைப்பு வேலையில் அதைத் தொட மாட்டீர்கள்.

ஓ பேண்டின் பெருமை வேறு. 1310 பக்கம் லாஸ் கொஞ்சம் கூட, ஆனால் துடிப்பு அகலாமல் போகும். ஒரே நேரத்தில் கிளம்பிய ஒளி, வேகம் மாறி முன்னும் பின்னுமாகச் சேர்ந்தால் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் அல்லவா, அந்தச் சிக்கல் சாதாரண இழையில் 1310 அருகே கிட்டத்தட்ட இல்லை. மலிவான லேசரே போதும். ஒவ்வொரு வீட்டிலும் வைக்கும் பெட்டிக்கு அது பெரிய விஷயம்.

நடுவில் இருக்கும் ஈ பேண்டில் ஒரு மேடு உண்டு. கண்ணாடி செய்யும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் 1383 பக்கம் ஒளியை உறிஞ்சிவிடும். பழைய கேபிளில் இந்த மேடு பெரிதாக இருக்கும். இப்போது வாங்கும் ஜி.652.டி வகையில் அது தணிந்துவிட்டது. கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் வகை எண்ணைப் படிக்கும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் இழையில் எது ஓடுகிறது

வீட்டு இணைப்புகளில் அதிகம் பார்ப்பது ஜிபான்: ஒரே இழையின் ஒளியை ஸ்ப்ளிட்டரால் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. ஓஎல்டியிலிருந்து (இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் பக்கம் இருக்கும் கருவி) வீட்டுக்கு இறங்கும் ஒளி 1490, அதாவது எஸ் பேண்ட். வீட்டில் வைக்கும் ஓஎன்யூ பெட்டியிலிருந்து ஏறும் ஒளி 1310, ஓ பேண்ட். ஒரே இழையில் இரண்டும் எதிரெதிராக ஓடும், மோதாது. அதே இழையில் கேபிள் டிவியும் கொடுத்தால் அது 1550, சி பேண்ட். ஆக ஒரு முடியளவு கண்ணாடியில் மூன்று ஒளி.

புதிதாக எக்ஸ்ஜிஎஸ்-பான் (ஜிபானைவிட வேகமான முறை) வரும் இடங்களில் இறங்குவது 1577, ஏறுவது 1270. ஜிபானின் எண்களோடு உரசாமல் வேண்டுமென்றே தள்ளிவைத்த எண்கள் இவை. பழைய இணைப்பையும் புதிய இணைப்பையும் ஒரே கேபிளில், ஒரே ஸ்ப்ளிட்டரில் ஓட்டலாம். மீட்டரில் 1577 இல்லாத பழைய ரகம் வைத்திருந்தால் 1550-ல் வைத்து அளக்கலாம், வித்தியாசம் சிறிதுதான்.

கீழிருந்து மலைக்கு ஏறும் அப்லிங்க் போன்ற இடங்களில் ஒற்றை இழையில் ஓடும் எஸ்எஃப்பி (கருவியில் செருகும், ஒளியை அனுப்பி வாங்கும் சின்ன மாட்யூல்) ஜோடிகளைப் பார்ப்பீர்கள். ஒரு முனையில் 1310 அனுப்பி 1550 வாங்கும், மறுமுனையில் 1550 அனுப்பி 1310 வாங்கும். லேபிளைப் படிக்காமல் இரண்டு பக்கமும் ஒரே வகையைச் செருகிவிட்டு, இழையில்தான் கோளாறு என்று இரவெல்லாம் தேடுவது அடிக்கடி நடக்கும். கிளம்பும் முன்பே இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களைப் பாருங்கள்.

நான்காம் படி: அளப்பது

கனெக்டரைத் துடையுங்கள். அப்புறம்தான் மீட்டர். பச்சை முனைக்குப் பச்சை, நீல முனைக்கு நீலம். பச்சை சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. மாற்றிச் செருகினால் நடுவில் இடைவெளி விழுந்து பல டிபி போகும்.

வீட்டில் ஓஎன்யூவுக்கு வரும் ஒளியை 1490-ல் வைத்து அளக்க வேண்டும். சாதாரண ஜிபானில் மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவே இருந்தால் பெட்டி வேலை செய்யும். மைனஸ் 27 என்பது ஒரு மில்லிவாட்டில் ஐநூறில் ஒரு பங்கு. ஓரத்தில் நிற்கும் இணைப்பை விட்டுவிட்டு வராதீர்கள், ஏற்காட்டு மழையில் ஒரு கனெக்டரில் ஈரம் ஏறினால் அது விழுந்துவிடும். மைனஸ் 24-க்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.

எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். ஓஎல்டியிலிருந்து பிளஸ் 3 கிளம்புகிறது. ஆறு கிலோமீட்டருக்கு 1490-ல் சுமார் 1.5 போகும். எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றுக்கு 10.5, இரண்டு அடுக்கு என்றால் 21. நான்கு கனெக்டருக்கு 1.2, ஆறு ஸ்பிளைஸுக்கு 0.6. மொத்தம் 24.3. வீட்டில் மைனஸ் 21 பக்கம் வர வேண்டும். மைனஸ் 25 வந்தால் 'பெட்டி ஓடுதே' என்று விடக் கூடாது. எங்கோ 4 டிபி ஒளிந்திருக்கிறது.

இரண்டு இடங்களில் மீட்டர் உங்களை ஏமாற்றும். டிவியும் ஓடும் இழையில் சாதாரண மீட்டரைச் செருகினால் 1490-ம் 1550-ம் சேர்ந்தே உள்ளே போகும். மீட்டரில் 1490 என்று வைத்தாலும் அது மற்ற ஒளியைத் தடுக்காது, கணக்கை மட்டும்தான் மாற்றும். டிவி ஒளி மைனஸ் 2 இருந்தால் அந்த மைனஸ் 2-தான் தெரியும், நெட்டின் மைனஸ் 21 அதற்குள் மறைந்துவிடும். அங்கே ஒவ்வொரு ஒளியையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பான் மீட்டர்தான் வேண்டும். இன்னொன்று, ஓஎன்யூவின் 1310-ஐ அளக்கப் பெட்டியில் நேராக மீட்டரைச் செருகினால் ஒன்றும் காட்டாது. மேலிருந்து 1490 வந்து பேசச் சொல்லும் வரை அது வாய் திறக்காது. பெட்டி கெட்டுவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: வளைவைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு மழைக்காலம், எஸ்டேட் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து புகார். "டிவி மட்டும் கட்டம் கட்டமா நிக்குதுங்க, நெட் நல்லாத்தான் வருது." செட்டாப் பாக்ஸை மாற்றியிருக்கிறார்கள், வயரை மாற்றியிருக்கிறார்கள், டிவியையே தூக்கிக்கொண்டு கீழே ஒருமுறை போய்வந்திருக்கிறார்கள்.

நெட் 1490-லும் 1310-லும் ஓடுகிறது, டிவி 1550-ல். ஒரே இழையில் 1550 மட்டும் அடிபடுகிறது என்றால் உடைப்பு இல்லை, அழுக்கும் இல்லை. அவை எல்லா ஒளியையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தடுக்கும். நீண்ட அலையை மட்டும் அதிகம் கொட்டுவது வளைவு. 1310 ஒளி இழையின் நடுவில் சுமார் 9.2 மைக்ரான் அகலத்தில் அடக்கமாகப் போகிறது. 1550 ஒளி 10.4 மைக்ரான் வரை பரவிப் போகிறது. கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பிவிடும், நீள லாரியின் பின் சக்கரம் ஓரத்தில் இறங்கும் அல்லவா, அதுபோலத்தான்.

அந்த வழித்தடத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடிடிஆரைப் போட்டோம். இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து எந்தத் தூரத்தில் எவ்வளவு ஒளி போகிறது என்று கோடாகக் காட்டும் கருவி அது. முதலில் 1310. கோடு கிட்டத்தட்ட நேராகப் போனது, 1.8 கிலோமீட்டரில் 0.1 அளவுக்கு ஒரு சின்னப் படி. பிறகு 1550. அதே 1.8-ல் 2 டிபிக்கு மேல் இறங்கிய படி. இரண்டு கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யாரும் சொல்லிவிடலாம்: அங்கே வளைந்திருக்கிறது.

மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்துப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு ஜாயின்ட் பாக்ஸ். மூடியைக் கழற்றினோம். உள்ளே ட்ரேயின் ஓரத்தில், மிச்ச இழையை ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக மூன்று சுற்றுச் சுற்றி, டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஸ்பிளைஸ் ஒவ்வொன்றும் அருமையாக அடித்திருந்தது. அந்த டேப்பை உரித்து, இழையை உள்ளங்கை அகலத்துக்கு விரித்து ட்ரேயின் வளைவோடு படியவிட்டோம். திரும்ப 1550. படி மறைந்துவிட்டது. வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து, "வந்துருச்சு தம்பி" என்று குரல் கொடுத்தார்.

ஆகவே ஓடிடிஆரை எப்போதும் இரண்டு அலைநீளத்தில் எடுங்கள். இரண்டிலும் ஒரே இறக்கம் என்றால் ஸ்பிளைஸோ கனெக்டரோ. 1550-ல் மட்டும் பெரிய இறக்கம் என்றால் வளைவு அல்லது இறுகக் கட்டிய கேபிள் டை. சாதாரண ஜி.652 இழைக்கு 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் சுற்றுங்கள். வீட்டுக்குள் சுவர் மூலையில் திருப்ப வேண்டியிருந்தால் ஜி.657.ஏ2 வகை ட்ராப் கேபிள் வாங்குங்கள். 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும்படி செய்தது அது. கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

ஆறாம் படி: ஓடும் இழையில் கை வைக்கும்போது

மேலே சொன்ன சோதனைக்கு வழித்தடத்தை நிறுத்தினோம் என்று சொன்னேன். நிறுத்தாமல் 1310-ல் ஓடிடிஆர் அடித்தால், மற்ற வீடுகளிலிருந்து ஏறும் 1310-ன் மேல் உங்கள் துடிப்பு போய் விழும். அந்தப் போர்ட்டில் இருக்கும் அத்தனை வீடும் தடுமாறும். உங்கள் ஓடிடிஆருக்கும் ஆபத்து. இதற்காகத்தான் 1625-ம் 1650-ம் இருக்கின்றன. எல் பேண்டின் கடைசியிலும் யூ பேண்டிலும் வாடிக்கையாளர் ஒளி எதுவும் ஓடாததால் அந்த இடத்தைச் சோதனைக்கு விட்டிருக்கிறார்கள். வடிகட்டி உள்ள ஓடிடிஆரில் இந்த அலைநீளத்தை வைத்து, வீட்டிலிருந்து மேல்நோக்கி அடியுங்கள். ஓஎல்டி பக்கமிருந்து அடித்தால் ஸ்ப்ளிட்டருக்குப் பிறகு எல்லாக் கிளைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து தெரியும். வளைவை 1550-ஐவிட 1625 இன்னும் நன்றாகக் காட்டும் என்பது கூடுதல் வசதி.

கடைசிப் படி: எழுதி வைப்பது

ஜாயின்ட் பாக்ஸின் மூடியை மூடும் முன் உள்ளே ஒரு சீட்டு. ட்யூப் நிறம், இழை நிறம், அளந்த தேதி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு. 'மைனஸ் 18.4' என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் பயன்படாது. 'நீல ட்யூப், ஆரஞ்சு இழை, 1490-ல் மைனஸ் 18.4, 1550-ல் பிளஸ் 0.6' என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், பனி ஈரத்தில் கரைந்துவிடும். பென்சிலால் எழுதி, மேலே தெளிவான டேப் ஒட்டி, மூடியின் உள்பக்கம் வையுங்கள்.